டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்த கதை

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. டிராக்டர், ஒயர், கார்பன் பிரஷ் எல்லாம் வரும். ஊரில் பழைய டிராக்டர் வைத்திருக்கும் சித்தப்பாவோ மாமனாரோ உள்ளவர்கள் கடைசி வரை படியுங்கள். மற்றவர்கள் மைகோவும் கோலார் தங்கவயலும் வரும் இடங்களையாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள் :-)

பெங்களூரில் பி.டி.எம். பக்கம் குடியிருக்கும் நம் ஆட்கள் "மைகோ லேஅவுட் பர்த்தீரா?" என்று ஆட்டோக்காரரிடம் அரைகுறைக் கன்னடத்தில் கேட்காத நாள் கிடையாது. அது என்ன மைகோ என்று எத்தனை பேர் யோசித்திருப்போம்? மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி என்பதன் சுருக்கம்தான் அது. 1951-ல் ஆரம்பித்த கம்பெனி. ஆடுகோடியில் ஃபேக்டரி. ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்பும் செய்து நாடு முழுக்க அனுப்பினார்கள். 2008-ல் பெயரை பாஷ் லிமிடெட் என்று மாற்றிக்கொண்டார்கள். ஆனால் ஊர்வாயில் மைகோ மைகோவாகவே நின்றுவிட்டது.

இந்த பாஷ் என்பவர், அதாவது ராபர்ட் பாஷ், 1886-ல் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் சின்னதாக ஒரு பட்டறை போட்டவர். அவருடைய கம்பெனி 1913-ல் ஒரு செட் விற்க ஆரம்பித்தது: ஹெட்லைட், பேட்டரி, டைனமோ, ரெகுலேட்டர். அதற்கு முன்னால் பெரும்பாலான கார்களில் விளக்கு என்றால் கார்பைடு கேஸ் விளக்குதான். (நம் ஊர்த் திருவிழாக்களில் எரிந்த அதே கார்பைடு.) அமெரிக்காவில் 1912-ல் காடிலாக் கார் செல்ஃப் ஸ்டார்ட்டரோடு வந்தது. செல்ஃப் வேண்டுமானால் பேட்டரி வேண்டும், பேட்டரி வேண்டுமானால் ஓடும்போதே அதை நிரப்ப ஒன்று வேண்டும். இப்படித்தான் டைனமோ வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தது. அடுத்த ஐம்பது வருடம் இறங்கவே இல்லை.

ஏன் டைனமோ, ஏன் ஆல்டர்னேட்டர் இல்லை? இதை நான் இன்ஜினியரிங் படித்தபோது யாரும் சொல்லித் தரவில்லை. ஆல்டர்னேட்டர் ஏதோ புதுக் கண்டுபிடிப்பு, டைனமோ பழசு என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மை தலைகீழ்.

ஃபாரடே 1831-ல் காந்தத்தையும் கம்பியையும் வைத்து மின்சாரம் உண்டாக்கிக் காட்டினார். அடுத்த வருடமே பாரிஸில் ஹிப்போலிட் பிக்ஸி என்கிற கருவி செய்பவர் கைப்பிடி வைத்துச் சுற்றுகிற ஒரு மெஷின் செய்தார். கம்பிச்சுருள் மேலே அசையாமல் இருக்கும், காந்தம் கீழே சுற்றும். காந்தத்தின் வட முனை ஒரு தடவை, தென் முனை ஒரு தடவை கடந்து போவதால் கரண்ட் இப்படியும் அப்படியுமாக மாறி மாறி வந்தது. அதாவது ஏ.சி. இன்றைக்கு உங்கள் காரில் இருக்கும் ஆல்டர்னேட்டரும் இதே அமைப்புதான், உள்ளே காந்தம் சுற்றும், வெளியே சுருள் நிற்கும். ஆனால் 1832-ல் மாறி மாறி வரும் கரண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பேட்டரியிலிருந்து வரும் ஒருவழிக் கரண்ட். ஆம்பியர் (ஆமாம், நாம் பல்பில் அளக்கும் அதே ஆம்பியர்தான்) சொன்ன யோசனைப்படி பிக்ஸி ஒரு காமுடேட்டரைச் சேர்த்தார். திசை மாறுகிற நேரம் பார்த்து இணைப்பையும் மாற்றிப் போடுகிற சுவிட்ச் அது. டைனமோ என்றால் அடிப்படையில் காமுடேட்டர் மாட்டிய ஆல்டர்னேட்டர், அவ்வளவுதான்.

பெரிய மின்சாரத்தில் இந்த காமுடேட்டர் தொல்லையைச் சீக்கிரமே தலைமுழுகிவிட்டார்கள். அதற்கு நாம் இருக்கும் கர்நாடகமே சாட்சி. மைசூர் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் (பாலக்காட்டுக்காரர்) முன்கை எடுத்த சிவனசமுத்திரம் நீர்மின் நிலையம் 1902-ல் ஓட ஆரம்பித்தது. அங்கிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கோலார் தங்கவயலுக்கு ஏ.சி.யாகவே கரண்டைக் கொண்டுபோனார்கள். அந்தச் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் ஏராளமானவர்கள் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள். பெங்களூருக்கே 1905-ல்தான் தெருவிளக்கு. நமக்கு முன்னால் இந்தப் பக்கம் பிழைக்க வந்தவர்கள் பெங்களூர்க்காரர்களுக்கு மூன்று வருடம் முன்பே ஏ.சி. மின்சாரத்தைப் பார்த்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம், அது எரிந்தது அவர்கள் வீட்டில் இல்லை என்றாலும்.

வண்டியில் மட்டும் டைனமோ ஏன் நிலைத்தது? பேட்டரி இருந்ததால்தான். பேட்டரிக்கு ஒருவழிக் கரண்ட் வேண்டும். ஏ.சி.யை ஒருவழியாக்க ரெக்டிஃபையர் வேண்டும். ரெக்டிஃபையர் அன்றைக்குப் பெரிய சமாச்சாரம். பிறகு செலினியம் தகடு அடுக்கியது வந்தது, அதுவும் ஒரு டிபன் கேரியர் அளவு. அமெரிக்காவில் லீஸ்-நெவில் என்கிற கம்பெனி இரண்டாம் உலகப் போரை ஒட்டி, செலினியத்தை வைத்துக்கொண்டே வண்டிகளுக்கு ஆல்டர்னேட்டர் செய்தது. யார் வாங்கினார்கள் என்று பாருங்கள்: போலீஸ், ஆம்புலன்ஸ், பஸ். போலீஸ் வண்டி ஒரு மூலையில் எஞ்சினை ஐடிலிங்கில் போட்டுவிட்டு மணிக்கணக்கில் நிற்கும், வயர்லெஸ் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். டைனமோ ஐடிலிங்கில் ஒன்றும் தராது. ஆல்டர்னேட்டர் தரும். இந்த போலீஸ் வண்டியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இதே பிரச்சினை நம் டிராக்டருக்கும் வரப்போகிறது.

1950களில் சிலிக்கான் டயோடு வந்ததும் கதை முடிந்தது. கட்டைவிரல் நகம் அளவு பொருள், எஞ்சின் சூட்டையும் தாங்கும். ஜெர்மானியம் அந்தச் சூட்டுக்குத் தாங்காது. 1960 மாடல் வேலியன்ட் காரில் கிரைஸ்லர் கம்பெனி ஆல்டர்னேட்டரைப் போட்டது. பிரிட்டனில் லூகாஸ் 1960களின் நடுவில் மாற ஆரம்பித்தது. (நம் பெங்களூரில் ஜாலஹள்ளி பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1962-ல் ஜெர்மானியம் சாமான்களையும் 1967-ல் சிலிக்கான் சாமான்களையும் செய்யத் தொடங்கியது. பி.இ.எல். காலனியில் வளர்ந்த நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.)

சரி, டிராக்டருக்கு வருவோம்.

முதலில் டிராக்டருக்கு கரண்டே தேவையில்லாமல் இருந்தது. 1917-ல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டரில் பேட்டரி கிடையாது. ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும், பொறிக்கு மேக்னெட்டோ. இருட்டினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஹாரி ஃபெர்குசனின் டி.இ.20 டிராக்டர் 1946-ல் செல்ஃப் ஸ்டார்ட்டோடு வந்தது, 1956 வரை 5 லட்சத்துக்கு மேல் விற்றது. அதற்குப் பின்னால் வந்த 35 மாடலின் வாரிசுதான் நம் ஊரில் "மாஸே" என்று சொல்கிறோமே, அது. 1960-ல் சென்னையில் டாஃபே தொடங்கி, செம்பியத்தில் மாஸே ஃபெர்குசன் வண்டிகளைச் செய்ய ஆரம்பித்தார்கள். எஞ்சின் பக்கத்திலேயே சிம்ப்சனில் தயாரானது, பெர்கின்ஸ் வகை. 1961-ல் லூகாஸும் டிவிஎஸ்ஸும் சேர்ந்து லூகாஸ்-டிவிஎஸ் ஆரம்பித்து, பாடியில் டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் செய்தார்கள். ஆக, சென்னைக்குள்ளேயே ஒரு டிராக்டரை ஏறக்குறைய முழுசாகக் கோர்த்துவிடலாம் என்ற நிலை. வடக்கே ஐஷர் 1959-ல் ஃபரிதாபாத்தில் முந்திக்கொண்டது. நம் பெங்களூர் எச்.எம்.டி. 1971-ல் செக்கோஸ்லோவாக்கியா உதவியோடு டிராக்டர் செய்ய இறங்கியது, ஆனால் ஃபேக்டரி ஹரியானாவில் பின்ஜோரில். 2016-ல் அதை மூட மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது. வாட்ச்சுக்கு அழுதவர்கள் டிராக்டருக்கு அழவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அந்தக் காலத்து லூகாஸ் டைனமோ, சி40 என்று பெயர், அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும். அதுவும் நல்ல வேகத்தில் சுற்றினால். டைனமோ ஆயிரத்துச் சொச்சம் சுற்று போனால்தான் பேட்டரியை விட அதன் வோல்டேஜ் மேலே ஏறும், அப்போதுதான் கட்அவுட் ஒட்டும். (சினிமா கட்அவுட் இல்லை. டைனமோவையும் பேட்டரியையும் சேர்த்துப் பிரிக்கும் டப்பா. மெக்கானிக்குகள் ரெகுலேட்டரையும் சேர்த்து மொத்த டப்பாவையே கட்அவுட் என்பார்கள்.) டிராக்டர் எஞ்சின் ஐடிலிங்கில் அறுநூறு, எழுநூறு சுற்று. புல்லி கணக்குப் போட்டாலும் டைனமோ ஆயிரத்தைத் தொடுவதற்குத் திணறும். ஆக, நிற்கும்போது எரியும் எல்லா விளக்கும் பேட்டரியைத்தான் தின்னும்.

டைனமோவை வேகமாகச் சுற்ற விடலாமே என்றால், முடியாது. விளக்குக்குப் போகும் முழுக் கரண்டும் அதில் சுற்றுகிற ஆர்மேச்சரிலிருந்துதான் வருகிறது, காமுடேட்டர் வழியாக, கார்பன் பிரஷ்ஷில் உரசி உரசி. ரொம்ப வேகம் போனால் ஆர்மேச்சர் வைண்டிங் வெளியே பிய்த்துக்கொள்ளும், பிரஷ் பொறி பறக்கும். ஆல்டர்னேட்டரில் சுற்றுவது காந்தச் சுருள் மட்டும். அதற்கு பிரஷ் வழியாகப் போவது மூன்று நான்கு ஆம்பியர். பெரிய கரண்ட் வெளியே அசையாமல் நிற்கும் சுருளிலிருந்து நேராக டயோடுக்குப் போகிறது. அதனால் சின்னப் புல்லி போட்டு இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றலாம். டயோடு ஒருவழிப் பாதை என்பதால் கட்அவுட்டும் வேண்டாம். லூகாஸின் 17ஏ.சி.ஆர். என்ற பழைய ஆல்டர்னேட்டரே 36 ஆம்பியர் தந்தது, அளவில் டைனமோவை விடக் குட்டை.

இதையெல்லாம் வைத்து டைனமோ மட்டமான சாமான் என்று சொல்லிவிடக் கூடாது. (வெள்ளைக்காரர்கள் ஜோசப் லூகாஸை "இருட்டின் இளவரசர்" என்று கிண்டல் செய்வார்கள். மனுஷன் மண்ணெண்ணெய் விற்று, சைக்கிள் விளக்கு செய்து முன்னுக்கு வந்தவர், பாவம்.) பகலில் உழவு ஓட்டி, பொழுது சாய வீடு திரும்பும் வண்டிக்கு அந்த 22 ஆம்பியர் தாராளம். உழும்போது எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடும், பேட்டரி நிரம்பும். மாறியது டிராக்டரின் வேலை. நம் ஊரில் டிராக்டர் பாதி நேரம் கழனியில் இல்லை, ரோட்டில் டிரெய்லரோடு இருக்கிறது. செங்கல், மணல், கல்யாண சாமான், எல்லாவற்றுக்கும் மேல் கரும்பு. கரும்பு என்றால் ராத்திரி. ஆலை வாசலில் வரிசையில் நிற்பது, இரண்டடி நகர்வது, மறுபடி நிற்பது. அமெரிக்க போலீஸ் வண்டியின் அதே நிலைமை.

எங்கள் குடும்பத்து வண்டி மாஸே 1035. தாத்தா 1970களின் கடைசியில் வாங்கியது. கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம் கிராமம். இப்போது சித்தப்பா வைத்திருக்கிறார். நான் பெங்களூர் வந்து இருபது வருடம் ஆகிறது, என் பிள்ளைகளுக்கு அந்த வண்டி லீவுக்குப் போனால் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளும் சாமான். சித்தப்பாவுக்கு அது சோறு.

கணக்கு சொல்கிறேன். இரண்டு ஹெட்லைட் ஏறக்குறைய 100 வாட், அதாவது எட்டு ஆம்பியருக்கு மேல். பின்னால் கலப்பை விளக்கு ஒன்று, நாலு ஆம்பியர். டிரெய்லர் சிவப்பு விளக்குகள், நம்பர் பிளேட், ஹாரன், சித்தப்பாவின் பாட்டுப் பெட்டி எல்லாம் சேர்த்தால் பதினைந்து, பதினாறு. ஆலை வரிசையில் மூன்று மணி நேரம் இப்படி எரிந்தால் காலையில் செல்ஃப் எடுக்காது. அதனால் அந்தப் பக்கம் எல்லா டிரைவர்களும் செய்வது ஒன்றுதான். எரிவதில் எது தனக்கு வேண்டாமோ அதை அணைத்துவிடுவார்கள். ஹெட்லைட் டிரைவருக்கு வேண்டும். டிரெய்லரின் சிவப்பு விளக்கு யாருக்கு வேண்டும்? பின்னால் வருகிறவனுக்கு. அவன் அங்கே ஸ்விட்ச் பக்கத்தில் இல்லை.

சில வருடம் முன்பு ஒரு தை மாத ராத்திரி, டீ குடிக்க ஓரங்கட்டி நின்ற எங்கள் டிரெய்லரில் ஒரு டி.வி.எஸ். 50 வந்து மோதியது. ஓட்டி வந்தவர் பக்கத்து ஊர்ப் பையன். கழுத்தெலும்பு முறிந்தது, நல்ல வேளை உயிருக்கு ஒன்றுமில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த கரும்பு முகத்தில் கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் டிரெய்லருக்கு ரிஃப்ளெக்டர் வைக்கச் சொல்லியிருக்கிறது. சேறு பூசிய ரிஃப்ளெக்டர் எதைக் காட்டும்? சித்தப்பா அதன் பிறகு ராத்திரி லோடு எடுப்பதை நிறுத்திவிட்டார். ராத்திரி லோடு இல்லையென்றால் வண்டிக்கு வருமானம் பாதி. வண்டியை விற்றுவிடலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது அப்போதுதான்.

நான் ஆல்டர்னேட்டர் யோசனையைச் சொன்னதும் சித்தப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். "கம்பெனிக்காரன் போட்டதை எடுக்கக் கூடாது கண்ணு. உங்க தாத்தன் வாங்குன மாதிரியே இருக்கோணும்."

"ஏனுங்க சித்தப்பா, அந்த ஆர்மேச்சருக்கு எத்தனை தடவை வைண்டிங் போட்டிருக்கீங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "நாலு."

காமுடேட்டரை லேத்தில் கடைந்து கடைந்து அது தேய்ந்துபோயிருந்தது. கட்அவுட் மூன்றாவது. பேரிங் எத்தனையாவது என்று யாருக்கும் நினைவில்லை. கம்பெனிக்காரன் போட்டதில் மிச்சம் இருந்தது வெளிக்கூடு மட்டும். பிரிட்டனில் பழைய வண்டிப் பிரியர்கள் இதற்கென்றே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். டைனமோ மாதிரியே நீளமான கூட்டுக்குள் ஆல்டர்னேட்டரை ஒளித்து விற்கிறார்கள். ஷோவில் நிறுத்தினால் யாருக்கும் தெரியாது. ஷெட்டில் துணி மூடி வைத்திருக்கும் வண்டிக்கு அது சரி. கரும்பு இழுக்கும் வண்டிக்கு அந்த வேஷம் எதற்கு என்பது என் கட்சி.

சித்தப்பா அரை மனதாகத் தலையாட்டியதும், டைனமோவைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, திம்பம் மலைப்பாதை வழியாக பஸ்ஸில் பெங்களூர் கொண்டுவந்தேன். ஜே.சி. ரோடு போனவர்களுக்குத் தெரியும், காரின் எந்த உறுப்பும் அங்கே தனியாகக் கிடைக்கும். அதற்குப் பின்னால் கலாசிபாளையம் பக்கச் சந்துகளில் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள். நான் போனது ஆம்பூர்க்கார பாய் ஒருவரின் கடை, தமிழும் உருதுவும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். டைனமோவைப் பார்த்ததுமே "இதுக்கு பிரஷ் மாத்தணுமா சார், இல்ல பென்ஷன் குடுக்கணுமா?" என்றார்.

லூகாஸின் ஏ.சி.ஆருக்குப் பின் வந்த ஏ127 வகையில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும். சாமானை வாங்குவதற்குப் பத்து நிமிஷம்தான். அதை உட்கார வைப்பதில்தான் மொத்த வேலையும். டைனமோ நீளமானது, அதன் பிராக்கெட் இரண்டு காதுக்கும் நடுவில் அகலம். ஆல்டர்னேட்டர் குட்டை, நடுவில் இரும்புப் புஷ் வைத்து நிரப்ப வேண்டும். புல்லி ஒரே கோட்டில் நிற்க வேண்டும், ஒரு நூல் விலகினாலும் பெல்ட் அறுக்கும். அந்த ஒரே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் ஓட்டுகிறது, பெல்ட் போனால் எஞ்சின் சூடேறி ஹெட்டே போய்விடும். பழைய பெல்ட் அகலம், ஆல்டர்னேட்டரோடு வந்த புல்லி குறுகல். டைனமோ புல்லியையே மாட்டலாமா என்றால் அது பெரிசு, வேகம் கிடைக்காது. கடைசியில் பாய் லேத்தில் அகலப் பள்ளத்தோடு சின்னதாக ஒன்று கடைந்து வாங்கித் தந்தார்.

ஒயரிங்கை ஊருக்குப் போய் நானே செய்தேன். முதலில் பார்க்க வேண்டியது எர்த். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவும் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனை பாடியில். எம்.ஜி.பி. கார்கூட 1967-ல் ஆல்டர்னேட்டருக்கு மாறியபோதுதான் நெகட்டிவ் எர்த்துக்கு மாறியது. அப்படிப்பட்ட வண்டியில் பேட்டரியைத் திருப்பிப் போடாமல் ஆல்டர்னேட்டரை மாட்டினால் டயோடுகள் அந்த நொடியே காலி. எங்கள் வண்டி நெகட்டிவ் எர்த், தப்பித்தோம். செல்ஃப் மோட்டாருக்கு இதில் கவலையில்லை, பழைய சுருள் மோட்டார் எந்தப் பக்கம் கொடுத்தாலும் ஒரே திசையில்தான் சுற்றும்.

பிறகு கட்அவுட் டப்பாவைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு நேராகத் தடிமனான புது ஒயர் போட்டேன். 22 ஆம்பியருக்குப் போட்ட பழைய ஒயரில் அதைவிட இரண்டு மடங்கு விட்டால் புகையும். டேஷ்போர்டில் இருந்த ஆம்பியர் மீட்டர் முப்பது வரைதான் காட்டும், அதையும் வழியிலிருந்து எடுத்துவிட்டு வோல்ட் மீட்டர் ஒன்று வைத்தேன். எங்கள் வண்டியில் சார்ஜிங் பல்பு கிடையாது. பாய் இதை நாலு தடவை சொல்லி அனுப்பியிருந்தார்: "பல்பு இல்லன்னா அது தூக்கத்துலேருந்து எழுந்திருக்காது சார்." ஆல்டர்னேட்டருக்குள் நிலையான காந்தம் இல்லை, முதல் உந்துதலுக்கு சாவி வழியாக ஒரு சின்ன பல்பைத் தாண்டி வரும் கரண்ட் வேண்டும். இரண்டு வாட் சொச்சம் பல்பு போதும். பல்பு ஃபியூஸ் போனால் அடுத்த தடவை சார்ஜ் ஆகாமலே போகலாம், அதனால் ஸ்பேர் பல்பு ஒன்றை டூல் பாக்ஸில் போட்டு வைத்திருக்கிறோம்.

ஸ்டார்ட் செய்ததும், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலேயே வோல்ட் மீட்டர் முள் 12-லிருந்து 14-ஐத் தொட்டது. எல்லா விளக்கையும் போட்டோம். முள் கொஞ்சம் தாழ்ந்து, பதிமூன்றரைக்கு மேல் நின்றது. சித்தப்பா டிரெய்லருக்குப் பின்னால் போய் நின்று சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஊரில் இப்படி மாற்றப் போகிறவர்களுக்கு மூன்று விஷயம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் டைனமோ காலத்துப் பழக்கம் ஆல்டர்னேட்டரைக் கொல்லும். ஒரே நல்ல பேட்டரியை வைத்து மூன்று வண்டியை ஸ்டார்ட் செய்வது நம்மூர் வழக்கம். எஞ்சின் ஓடும்போதே பேட்டரியைக் கழற்றி அடுத்த வண்டிக்குக் கொண்டுபோவார்கள். ஆல்டர்னேட்டர் வண்டியில் அப்படிச் செய்தால் வோல்டேஜ் எகிறி டயோடும் ரெகுலேட்டரும் போகும். டைனமோ சார்ஜ் ஏறவில்லை என்றால் ஃபீல்டு ஒயரை பேட்டரியில் ஒரு தட்டுத் தட்டி எழுப்புவார்களே, அதையும் இதில் செய்யக் கூடாது. அப்புறம் வெல்டிங். கலப்பை உடைந்தால் வண்டியிலேயே வைத்து வெல்டிங் போடுவது சகஜம், அதற்கு முன்னால் பேட்டரியையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழற்றிவிட வேண்டும். இந்த மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி டூல் பாக்ஸ் மூடிக்குள் ஒட்டினேன். ஓட்டுகிற பையன் படிப்பானா என்பது வேறு விஷயம்.

ஒன்றே ஒன்றுதான் போயிற்று. மாஸே 35, ஃபோர்ட்சன் டெக்ஸ்டா மாதிரிப் பழைய வண்டிகளில் எஞ்சின் எத்தனை மணி ஓடியது என்று காட்டும் மீட்டருக்கு டைனமோவின் வாலிலிருந்து ஒரு கேபிள் போகும். எங்கள் வண்டியிலும் அப்படித்தான். டைனமோ போனதும் மீட்டர் அப்படியே நின்றுவிட்டது. கரண்டில் ஓடும் மணி மீட்டர் ஒன்று வாங்கி அனுப்புகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார் சித்தப்பா. நின்றுபோன எண்ணுக்கு மேல் எவ்வளவு ஓடியது என்று காலண்டர் ஓரத்தில் பென்சிலால் அவரே குறித்து வருகிறார். போன வாரம் போன் செய்தபோது எவ்வளவு ஆயிற்று என்று கேட்டேன். கரும்பு வெட்டு ஆரம்பித்துவிட்டது, ராத்திரியில் எழுத எங்கே நேரம் என்றார்.